ஏழு-இரண்டு உங்கள் காசைத் தின்னாது

போக்கர் பழக வருகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான்: "எந்த ரெண்டு சீட்டு வந்தா ஆடலாம்?" நியாயமான கேள்விதான், ஆனால் அதில் பாதி விஷயம் விடுபட்டுப் போகிறது. எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம், நமக்கு அப்புறம் பேச வேண்டியவர்கள் எத்தனை பேர், நமக்கு முன்னால் பேசியவர் என்ன செய்தார் என்பதெல்லாம் சேர்ந்தால்தான் அந்த இரண்டு சீட்டுக்கு ஒரு விலை வரும்.

நான் பேசுவது டெக்ஸஸ் ஹோல்டெம் பற்றி. தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துப் போடுவார்கள். நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு விழும். முதலில் மூன்று சேர்ந்து வருவது ஃப்ளாப், அடுத்த ஒன்று டர்ன், கடைசி ஒன்று ரிவர். ஆக ஏழு சீட்டில் சிறந்த ஐந்து யாரிடம் இருக்கிறதோ அவருக்குப் பணம். ஃப்ளாப்புக்கு முன்பும், பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், ஏற்றலாம், இல்லையென்றால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். இதைத்தான் பேசுவது என்கிறேன்.

இது ராப்ஸ்டவுன் என்ற ஊரில் பிறந்த ஆட்டம் என்று டெக்ஸஸ் சட்டமன்றம் 2007ல் தீர்மானமே போட்டிருக்கிறது. கார்பஸ் கிறிஸ்டி பக்கத்தில் இருக்கும் சின்ன ஊர். நான் இருப்பது அங்கிருந்து பல மணி நேரம் தள்ளி, டல்லாஸ் பக்கம். இங்கே எங்கள் ஆட்டம் ஒரு நண்பர் வீட்டு கராஜில், மிக்சரும் இஞ்சி டீயுமாக நடக்கும். தனியார் இடம், ஜெயிக்கிற காசைத் தவிர யாருக்கும் வேறு வருமானம் கிடையாது, எல்லாருக்கும் சம வாய்ப்பு என்று மூன்றும் இருந்தால் டெக்ஸஸ் சட்டம் கண்டுகொள்ளாது. இந்தியாவில் இருந்து படிக்கிறவர்களுக்கு நிலைமை வேறு. காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் தடை செய்துவிட்டது. ஆன்லைன் ரம்மி எத்தனை வீடுகளைக் கடனில் தள்ளியது என்று பார்த்தவர்களுக்கு அந்தத் தடை ஏன் வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. வெறும் சிப்ஸ் வைத்து ஆடினாலும் நான் கீழே சொல்லும் கணக்கு மாறாது.

ரம்மி என்றதும் ஞாபகம் வருகிறது. நம் ஊர் ரம்மிக்காரர்களுக்கு ஸ்கூட் என்றால் என்னவென்று சொல்லித் தரவே வேண்டாம். பதின்மூன்று சீட்டையும் விரித்துப் பார்த்ததும், ஒரிஜினல் (ஜோக்கர் இல்லாத வரிசை) சேர வழியில்லை, ஜோக்கரும் இல்லை என்று தெரிந்தால், முதல் சீட்டு எடுக்கும் முன்பே ஸ்கூட் சொல்லி 20 பாயிண்டோடு தப்பிப்பார்கள். ஆசைப்பட்டு நாலு சுற்று இழுத்துப் பார்த்துவிட்டு விலகினால் மிடில் ஸ்கூட், 40. கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தால் 80 வரைக்கும் ஏறும். போக்கரில் முதல் இரண்டு சீட்டைத் தேர்ந்தெடுப்பது அப்படியே ஸ்கூட் புத்திதான். சொல்லப்போனால் இங்கே அது இன்னும் மலிவு, ஏனென்றால் பெரும்பாலான ஆட்டங்களில் விலகுவதற்குக் காசே கிடையாது. சுற்றுக்கு ஒரு முறை சின்ன பிளைண்ட், ஒரு முறை பெரிய பிளைண்ட் என்று சீட்டைப் பார்க்காமலே போடும் கட்டாயப் பணம் மட்டும்தான் செலவு. எங்கள் மேசையில் அது 25 சென்ட், 50 சென்ட். ஒன்பது பேர் உட்கார்ந்தால் ஒன்பது ஆட்டத்துக்கு 75 சென்ட். ஒரு மணி நேரத்தில் 25 ஆட்டம் ஓடினாலும், எதிலும் கை வைக்காமல் உட்கார்ந்திருக்கிறவருக்கு இரண்டரை டாலர்கூட ஆகாது. டீக்கும் மிக்சருக்கும் சேர்த்து அது கொள்ளை மலிவு.

இவ்வளவு மலிவாக விலகும் வழி இருந்தும் புதியவர்கள் காசை எங்கே விடுகிறார்கள்? ஏழு-இரண்டில் விடுவதில்லை. இதுதான் ஹோல்டெமின் மிக மோசமான சீட்டு என்று எல்லாருக்கும் தெரியும். இரண்டில் இருந்து ஏழு வரை எண்ணினால் ஆறு சீட்டு ஆகிறது, அதனால் ஐந்து சீட்டு வரிசை எதிலும் இந்த இரண்டும் சேர்ந்து உட்கார முடியாது. (ஒருவருக்கு ஒருவர் என்று ஆடினால் மூன்று-இரண்டு இதைவிடக் கேவலம், அது தனிக் கதை.) சில வீட்டு ஆட்டங்களில் ஏழு-இரண்டை வைத்து ஜெயித்தால் ஆளுக்கு ஒரு டாலர் தர வேண்டும் என்று விளையாட்டாக ஒரு விதிகூட வைத்திருப்பார்கள். அந்த அளவுக்கு அதன் பெயர் கெட்டுக் கிடக்கிறது. யாரும் அதை நம்பி ஐம்பது டாலரை உள்ளே தள்ள மாட்டார்கள்.

காசைத் தின்பது பார்க்க லட்சணமாக இருக்கும் சீட்டுகள்தான். ராஜா-ஜாக்கி, ராணி-பத்து, ஏஸ்-ஒன்பது.

எங்கள் மேசையில் நடந்த ஒரு ஆட்டத்தையே சொல்கிறேன். புதிதாக வந்த ஒரு மதுரைத் தம்பி முதலில் பேச வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அப்புறம் எட்டுப் பேர். கையில் ராஜா-ஜாக்கி, வேறு வேறு சின்னம். இரண்டு டாலருக்கு ஏற்றினான். எல்லாரும் விலகிக்கொண்டே வந்தார்கள். பட்டன் இடத்தில், அதாவது ஃப்ளாப்புக்கு அப்புறம் கடைசியாகப் பேசும் இடத்தில், இருந்தவர் சேர்ந்துகொண்டார், பெரிய பிளைண்டும் சேர்ந்தார். சின்ன பிளைண்டின் கால் டாலரையும் சேர்த்து நடுவில் 6.25. ஃப்ளாப்பில் ராஜா, எட்டு, மூன்று. தம்பி முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு. நாலு டாலர் கட்டினான். பெரிய பிளைண்ட் போய்விட்டார், பட்டன்காரர் அலட்டிக்கொள்ளாமல் நாலு டாலரைத் தள்ளினார். டர்னில் ஐந்து. தம்பி எட்டு டாலர் கட்ட, அவரும் எட்டு. ரிவரில் இரண்டு. தம்பி பதினைந்து கட்டினான், அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு அதற்கும் சரி என்றார். திருப்பினால் அவரிடம் ராஜா-ராணி. ராஜா ஜோடி இருவருக்கும்தான், ஆனால் கூட இருந்த சீட்டில் அவருடையது பெரிது.

"அண்ணா, நான் என்ன தப்பு பண்ணேன்? மேல் ஜோடி கிடைச்சுது, கட்டினேன்" என்றான். ஃப்ளாப்புக்கு அப்புறம் அவன் பெரிதாக எதுவும் தப்பு செய்யவில்லை என்பதுதான் இதில் விஷயமே. பொதுச் சீட்டில் ராஜா வந்தால் ராஜா-ஜாக்கி வைத்திருக்கிறவன் கட்டத்தான் செய்வான். கொண்டுவந்த ஐம்பதில் 29 டாலர் போனது ரிவரில் இல்லை, முதல் இரண்டு டாலரைத் தள்ளிய நேரத்திலேயே அதற்கு வழி திறந்துவிட்டது. ராஜா வராமல் போயிருந்தால் இரண்டு டாலரோடு, மிஞ்சினால் ஆறு டாலரோடு கழன்றிருப்பான். நினைத்த சீட்டு வந்ததால்தான் 29 போனது.

எதிராளியிடம் அதே ராஜாவும் கூடவே ராணியும் இருக்கும்போது உங்கள் ராஜா உங்களுக்கு உதவாது. ஜாக்கி வந்தால்தான் பிழைப்பு. நாலு முறை மோதினால் ஏறக்குறைய மூன்று முறை அவர்தான் ஜெயிப்பார். ஏஸ்-ஒன்பதுக்கு எதிரே ஏஸ்-ராஜா வந்தாலும் இதே கணக்குதான். ஒன்றுமே பொருந்தாத சீட்டால் இழப்பது சில்லறை. பொருந்தியும் இரண்டாவதாக வரும் சீட்டுதான் பையைக் காலி செய்யும்.

ஏஸ்-ஒன்பது என்றதால் ஒரு கணக்கு. உங்களிடம் ஏஸ்-ஒன்பது, மிச்சம் 50 சீட்டு. அதில் மூன்று ஏஸ். இன்னொருவரிடம் ஏஸோடு பத்து, ஜாக்கி, ராணி, ராஜா ஏதாவது ஒன்று சேர 48 வழி உண்டு, இரட்டை ஏஸுக்கு 3 வழி. மொத்தம் 51. இரண்டு சீட்டு அமையக்கூடிய வழிகள் 1,225. ஒருவரிடம் உங்களை மிஞ்சிய ஏஸ் இருக்க வாய்ப்பு நாலு சதவீதம்தான். ஆனால் உங்களுக்கு அப்புறம் எட்டுப் பேர் பேச வேண்டும் என்றால், அவர்களில் யாராவது ஒருவரிடம் அது இருக்க வாய்ப்பு ஏறத்தாழ 30 சதவீதம். அதே ஏஸ்-ஒன்பதோடு பட்டனில் உட்கார்ந்திருக்கிறீர்கள், முன்னால் எல்லாரும் விலகிவிட்டார்கள், மிச்சம் இரண்டு பிளைண்டுகள்தான் என்றால் அது எட்டு சதவீதத்துக்கு இறங்கிவிடும். சீட்டு மாறவில்லை, நாற்காலிதான் மாறியது.

போதாக்குறைக்கு, பட்டனில் இருக்கிறவர் ஃப்ளாப்புக்கு அப்புறம் ஒவ்வொரு கட்டத்திலும் கடைசியாகப் பேசுவார். மற்றவர்கள் கட்டினார்களா, தயங்கினார்களா, தட்டிவிட்டுச் சும்மா இருந்தார்களா என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். முதலில் பேசுகிறவர் இருட்டில் பேசுகிறார். போக்கர் நூலாசிரியர்களான டேவிட் ஸ்க்ளான்ஸ்கியும் மேசன் மால்முத்தும் 1980களில் ஹோல்டெம் சீட்டுகளை எட்டுக் குழுவாகப் பிரித்தபோது, எந்தக் குழுவை எந்த இடத்தில் இருந்து ஆடலாம் என்று சேர்த்துத்தான் எழுதினார்கள். அதில் வேறு வேறு சின்னத்தில் வரும் ராஜா-ஜாக்கி ஐந்தாவது குழுவில் கிடக்கிறது, ஒரே சின்னத்தில் வரும் ஏழு-ஆறுக்குப் பக்கத்திலேயே. ஏஸ்-ஒன்பது எட்டாவது, அதாவது கடைசிக் குழு. அந்தப் பட்டியல் இன்றைக்குப் பழசு, கம்ப்யூட்டரை வைத்து இன்னும் நுணுக்கமாகப் போட்டுவிட்டார்கள். ஆனாலும் அது சொல்லும் சங்கதி பழசாகவில்லை.

அடுத்த மயக்கம், ஒரே சின்னத்தில் வரும் சீட்டு. "ரெண்டும் ஹார்ட்டின், அதான் ஆடினேன்" என்று ஜாக்கி-நாலைக் காட்டுவார்கள். ஒரே சின்னமாக இருப்பதால் கிடைக்கும் லாபம் பொதுவாக மூன்று சதவீதத்தை ஒட்டித்தான். ஃப்ளாப்பிலேயே ஃப்ளஷ் (ஐந்து சீட்டும் ஒரே சின்னம்) விழுவது சுமார் 119 தடவைக்கு ஒரு தடவை. கடைசிவரை விலகாமல் நின்றால்கூட நூற்றுக்கு ஆறு முறைதான் அமையும், அந்த ஆறிலும் எதிராளியிடம் பெரிய ஹார்ட்டின் இருந்து உங்களைக் கவிழ்ப்பது உண்டு. நல்ல சீட்டை ஒரே சின்னம் இன்னும் நல்லதாக்கும். குப்பை அதனால் குப்பையில்லாமல் ஆகிவிடாது.

சின்ன ஜோடிகள் வேறு ரகம். இரண்டு நாலு, இரண்டு ஐந்து போன்றவை. இவற்றிடம் எதிர்பார்க்க ஒன்றே ஒன்றுதான்: ஃப்ளாப்பில் மூன்றாவது நாலு விழுவது. அது சுமார் எட்டரை முறைக்கு ஒரு முறை நடக்கும். எதிராளிக்கு அது கண்ணிலேயே படாது, அதனால் பெரிய தொகை வரும். ஆனால் எட்டு முறையில் ஏழு முறை வெறுங்கையோடு விலக வேண்டும். ஆகவே நீங்கள் உள்ளே போடும் தொகையைப்போல் பதினைந்து, இருபது மடங்காவது உங்கள் முன்னாலும் எதிராளி முன்னாலும் சிப்ஸ் இருந்தால்தான் இது கட்டுப்படியாகும். எதிராளியிடம் பதினைந்து டாலர்தான் மிச்சம், அவர் மூன்று டாலருக்கு ஏற்றுகிறார் என்றால் இரண்டு நாலைச் சந்தோஷமாகத் தூக்கிப் போடலாம். அது விழாதபோது "எங்கிட்ட ஜோடி இருக்கே" என்று பிடித்துக்கொண்டு தொங்குவதுதான் இதில் ஆபத்து.

பெரிய ஜோடிகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வந்தால் ஏற்றுங்கள், திரும்ப ஏற்றினால் நீங்களும் ஏற்றுங்கள். இரட்டை ஏஸ் வருவதே 221 ஆட்டத்துக்கு ஒரு முறைதான். எங்கள் வேகத்தில் ஒன்பது மணி நேரத்துக்கு ஒரு தடவை. அது வந்ததும் யாரையும் பயமுறுத்தக் கூடாது என்று சும்மா 50 சென்ட் போட்டுப் பதுங்குகிறவர்கள் உண்டு. எதிரே ஏதோ சீட்டோடு ஒரே ஒருவர் இருந்தால் ஏஸ் ஜோடி நூற்றுக்கு 85 முறை ஜெயிக்கும். அப்படி நாலு பேரை மலிவாக உள்ளே விட்டால் அது 56 ஆகிவிடும். அழைத்து உட்காரவைத்து அடி வாங்குவானேன்?

ஏஸ்-ராஜாவைப் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. அருமையான சீட்டு, முதல் வரிசை. ஆனால் அது இன்னும் ஜோடியே இல்லை. மூன்றில் இரண்டு தடவை ஃப்ளாப்பில் அதற்கு எதுவும் கிடைக்காது. இரட்டை ராணிக்கு எதிரே அது கொஞ்சம் பின்தங்கித்தான் நிற்கும். அமெரிக்கச் சீட்டுக்காரர்கள் இதற்கு டென்னிஸ் வீராங்கனை அன்னா கூர்னிகோவாவின் பெயரை வைத்திருக்கிறார்கள். பார்க்க அழகு, ஜெயிப்பது கிடையாது என்று கிண்டல். அவர் இரட்டையர் பிரிவில் ஆஸ்திரேலிய ஓப்பன் ஜெயித்தவர் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "டாயல் பிரன்சன் பத்து-இரண்டை வைத்து உலக சாம்பியன் ஆகவில்லையா?" ஆனார். 1976லும் 1977லும் லாஸ் வேகஸில் நடந்த உலகப் போக்கர் தொடரின் கடைசி ஆட்டத்தில், இரண்டு வருடமும் அவர் கையில் இருந்தது பத்து-இரண்டு. இரண்டு முறையும் ஃபுல் ஹவுஸ் (ஒரே எண்ணில் மூன்று, இன்னொரு எண்ணில் இரண்டு) ஆனது. அந்தச் சீட்டுக்கே அவர் பெயர் வந்துவிட்டது. 2003ல் கிறிஸ் மணிமேக்கர், அதே தொடரில் 839 பேர் கலந்துகொண்ட போட்டியில் 25 லட்சம் டாலர் ஜெயித்த கடைசி ஆட்டத்தில் அவரிடம் இருந்தது ஐந்து-நாலு. ஆனால் இந்த மூன்றும் நடந்தது மேசையில் இரண்டே பேர் மிஞ்சியிருந்தபோது. எதிரே ஒருவர்தான் என்றால் பாதிக்கு மேற்பட்ட சீட்டுகளை ஆடியே ஆக வேண்டும், இல்லையென்றால் பிளைண்டே உங்களைத் தின்றுவிடும். ஒன்பது பேர் மேசையில் முதல் நாற்காலியில் இருந்துகொண்டு பத்து-இரண்டை ஆட பிரன்சன் உதாரணம் ஆக மாட்டார்.

டிவியும் இதில் ஒரு குற்றவாளி. மேசை ஓரத்தில் கேமரா வைத்துக் கவிழ்த்த சீட்டை நேயர்களுக்குக் காட்டும் ஏற்பாட்டுக்குக் காப்புரிமை வாங்கியவர் ஹென்றி ஓரன்ஸ்டீன். நாஜி முகாம்களில் இருந்து தப்பி வந்து, அமெரிக்காவில் பொம்மை வியாபாரத்தில் பெரிய ஆளானவர். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகள் ஹாஸ்ப்ரோவுக்கு வந்து சேர்ந்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. அவர் கேமராவால்தான் போக்கர் பார்க்கத்தக்க ஆட்டமாயிற்று. ஆனால் ஒளிபரப்புக்கு வெட்டி ஒட்டும்போது, சீட்டைப் பார்த்தார், விலகினார், சீட்டைப் பார்த்தார், விலகினார் என்று போகும் மணிக்கணக்கான நேரம் முழுக்கத் தரையில் விழுந்துவிடுகிறது. மிஞ்சுவது ஐந்து-நாலும் ஆர்ப்பாட்டமும். அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு விலகுவது கோழைத்தனமாகத் தெரிகிறது.

சரி, பட்டியல் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்களுக்கு நான் தருவது இது. ஒன்பது பேர் மேசையில் முதல் இரண்டு மூன்று இடங்களில் இருந்தால்: எட்டு ஜோடியில் இருந்து மேலே உள்ள ஜோடிகள், ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி, அப்புறம் ஒரே சின்னத்தில் வந்தால் மட்டும் ஏஸ்-ஜாக்கி, ராஜா-ராணி. அவ்வளவுதான். நூறு ஆட்டத்தில் ஆறு முறை வரும். கஞ்சத்தனமான பட்டியல், தெரிந்தேதான் அப்படி வைத்திருக்கிறேன். பட்டனில் இருந்து, முன்னால் யாரும் சேரவில்லை என்றால்: எல்லா ஜோடிகளும், ஒரே சின்னத்தில் ஏஸோடு எது வந்தாலும், வேறு சின்னமானால் ஏஸ்-எட்டு முதல் மேலே, ராஜாவோடும் ராணியோடும் பத்து வரை, ஜாக்கி-பத்து, ஒரே சின்னத்தில் ஐந்து-ஆறு முதல் அடுத்தடுத்த எண்கள். இது நூற்றுக்கு 24. ஒரே ஆள், ஒரே இரவு, நாற்காலியைப் பொறுத்து நாலு மடங்கு வித்தியாசம். நடுவில் உள்ள இடங்களுக்கு நடுவாக ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். சின்ன பிளைண்டில் மட்டும் "ஏற்கெனவே கால் டாலர் போட்டாச்சே" என்று மீதியைப் போட்டு உள்ளே வராதீர்கள். ஃப்ளாப்புக்கு அப்புறம் ஒவ்வொரு முறையும் முதலில் பேச வேண்டிய சபிக்கப்பட்ட இடம் அது. ஆட முடிவு செய்தால் ஏற்றி ஆடுங்கள்.

உங்களுக்கு முன்னால் ஒருவர் ஏற்றிவிட்டார் என்றால் இந்தப் பட்டியலை மடித்து வைத்துவிடலாம். அவர் முதல் நாற்காலியில் இருந்து ஏற்றியிருந்தால், அந்த ஆறு சதவீதத்தோடு மோதத் தெம்பான சீட்டு உங்களிடம் இருக்க வேண்டும். ஏஸ்-ஜாக்கியை அங்கே தூக்கிப் போட மனசு வராது. போட்டுத்தான் ஆக வேண்டும். அவரே பட்டனில் இருந்து ஏற்றியிருந்தால் அதே ஏஸ்-ஜாக்கியோடு திரும்ப ஏற்றலாம்.

கடினமானது இதில் எதுவும் மனப்பாடம் இல்லை. அலுப்புதான். சனிக்கிழமை ராத்திரி அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்து, முக்கால் மணி நேரம் சீட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால், ராணி-எட்டுகூட அழகாகத் தெரிய ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் நான் மற்றவர்கள் ஆடுவதைப் பார்ப்பேன். யார் எந்த இடத்தில் இருந்து ஏற்றினார், கடைசியில் என்ன சீட்டைத் திருப்பினார் என்று. யார் ஏஸ் கிடைத்தால் எதையும் விடமாட்டார், யார் ஏற்றினால் எழுந்து டீ போடப் போய்விடலாம் என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். அன்றைக்குப் பட்டனில் இருந்தவர் எப்படிப்பட்ட ஆள் என்று அந்த மதுரைத் தம்பிக்கும் இப்போது தெரியும்.

இரவு பதினொன்றுக்கு மேல் குழந்தைகள் தூங்கவில்லை, காலையில் கோயில் என்று ஆள் கழன்று மேசையில் ஐந்து பேர்தான் மிஞ்சுவோம். அப்போது மேலே சொன்ன கஞ்சத்தனம் செல்லாது. சுற்று சீக்கிரம் வருகிறது, ஒன்பது ஆட்டத்துக்கு ஒரு முறை கட்டிய பிளைண்டை ஐந்து ஆட்டத்துக்கு ஒரு முறை கட்டுகிறீர்கள். முதலில் பேசுகிறவருக்கும் பின்னால் நாலு பேர்தான். அவர்களில் ஒருவரிடம் உங்களை மிஞ்சிய ஏஸ் இருக்க வாய்ப்பு 16 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. நான் இவ்வளவு நேரம் திட்டிய ஏஸ்-ஒன்பதை அங்கே ஒன்றரை டாலருக்குத் தாராளமாக ஏற்றலாம்.